பிரிவுத் தலைவரும் ஸ்பிரிங் துப்பாக்கியும்

மூன்று குண்டுகளும் கொட்டகையின் தகரத்தில் பட்டுச் சடசடவென்று உதிர்ந்தன. கூரைமேல் உட்கார்ந்திருந்த பெரிய குரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த பூசணிப் பிஞ்சை நிதானமாக இன்னொரு கடி கடித்தது.

முகாசா ஹெய்சுகே பல்லைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியின் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். ஸ்பிரிங்கில் வேலை செய்கிற விளையாட்டு ஷாட்கன் அது. பேட்டரி கிடையாது, கேஸ் கிடையாது. ஒவ்வொரு தடவை சுடுவதற்கும் ஒவ்வொரு தடவை இழுத்தாக வேண்டும். இழுத்துவிட்டுச் சுட்டால் பயறு அளவு பிளாஸ்டிக் குண்டுகள் மூன்று சேர்ந்தாற்போல் பாயும். பட்டால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பட வேண்டுமே. அவர் இழுத்து, முன்னுக்குத் தள்ளி, தோளில் வைத்துக் குறி பார்ப்பதற்குள் குரங்கு பிஞ்சைத் தின்று முடித்து, காம்பை அவர் பக்கம் போட்டுவிட்டு, பின்புறத்து மூங்கில் தோப்புக்குள் நடந்து போய்விட்டது. ஓடக்கூட இல்லை.

அந்தக் குரங்குக்கு ஹெய்சுகே ‘பிரிவுத் தலைவர்’ என்று பெயர் வைத்திருந்தார். மாவட்ட ரயில் கம்பெனியில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடும் பிரிவில் அவர் காலமெல்லாம் வேலை பார்த்தபோது, அங்கிருந்த தலைவரும் இப்படித்தான் எதிரே நிற்பவரைப் பார்த்தபடி பதில் சொல்லாமல் மென்றுகொண்டிருப்பார்.

சமையலறை ஜன்னலில் கினுயோவின் முகம் தெரிந்தது.

"பட்டுச்சாங்க?"

"படலை."

"பரவாயில்லை, நாளைக்குப் படும். இப்ப உள்ள வந்துராதீங்க. போற மாதிரி போயிட்டு திரும்பி வரும். டீயை அங்கேயே கொண்டாறேன்."

ஹெய்சுகேவுக்கு இதுதான் ஆற்றாமை. வசந்த காலத்தில் ஓய்வு பெற்று வந்தபோது அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. முன்னறையில் மெத்தையைப் போட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் சாய்ந்து, சூமோ பந்தயங்களை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். வேலையில் இருந்தவரை ஒரு பந்தயத்தையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தச் சுகம் வாய்த்தது. கோடை பிறந்ததும், அதுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத குரங்குகள் மலையிலிருந்து இறங்கி வந்தன. அன்றோடு மெத்தை போயிற்று.

துப்பாக்கியைப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தந்தவள் கினுயோதான். பஸ் ஏறி நகரத்துக்குப் போய், விளையாட்டுத் துப்பாக்கிக் கடையில் வெகு நேரம் விசாரித்து, கண்ணுக்குப் போடும் கண்ணாடியோடும் மண்ணில் மக்கிப்போகும் குண்டுப் பாக்கெட்டுகளோடும் கொண்டுவந்து நீட்டினாள்.

"தானா சுடுறதும் இருக்குதாம். வேணாம்னுட்டேன். இது கையால இழுக்கணும், உங்க தோளுக்கும் நல்லது. பொறுமையா, நாள் பூரா சுடலாம்" என்றாள்.

இப்படி ஒரு மனைவி யாருக்கு அமையும் என்று ஹெய்சுகே நெகிழ்ந்துபோனார்.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயிற்று. பிடியை இழுக்கும் ‘ஜக்-ஜக்’ சத்தத்துக்கே குரங்குகள் மிரண்டு ஓடின. பிறகு அவை கணக்குப் போடக் கற்றுக்கொண்டன. குண்டு எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்து, அதற்கு ஒரு எட்டு அப்பால் வரிசையாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டன. ஹெய்சுகே ஒரு எட்டு முன்னால் வைத்தால் அவை ஒரு எட்டு பின்னால் போயின. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவையும் சாப்பிட வந்தன.

"மேலேயிருந்து சுட்டா தூரமாப் போகும்ல?" என்று கினுயோ யோசனை சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் ஏணியையும் பிடித்துக்கொண்டாள்.

ஹெய்சுகே கொட்டகைக் கூரையில் குப்புறப் படுத்தார். பிரிவுத் தலைவர் கத்தரிச் செடிக்குள் இறங்கும்வரை காத்திருந்தார். சுட்டார். குண்டு சரியாகச் செடிமேல் விழுந்தது, குரங்குகள் சிதறின. உற்சாகத்தில் அடுத்த சுற்றுக்காகப் பிடியை வேகமாக இழுத்தார். இழுத்த வேகத்தில் உடம்பு தகரத்தில் வழுக்கியது. அவரும் துப்பாக்கியும் அடுத்த வீட்டு ஒகிமோட்டோ அம்மாவின் முள்ளங்கிப் பாத்தியில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவருக்கு முன்னாலேயே குரங்குகள் வந்து சேர்ந்திருந்தன.

ஒகிமோட்டோ அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். புருஷன் போன பிறகு அந்த முள்ளங்கிகளுக்காகவே வாழ்பவள்.

"முகாசா சார், உங்க குரங்கு என் முள்ளங்கியத் தின்னுது."

"என் குரங்கா?"

"நீங்க சுடுறீங்க, அது இங்க வருது. அப்ப அது யாரு குரங்கு? என்னுதா?"

மறுநாளிலிருந்து இரண்டு தோட்டத்துக்கும் அவரே காவல் என்று ஆயிற்று. கினுயோ மடக்கு நாற்காலியும் பெரிய குடையும் வாங்கி வந்து இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் போட்டுக் கொடுத்தாள். மதியச் சாப்பாடு சோற்று உருண்டைகளாக அங்கேயே வந்தது. அவர் அங்கே உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வரும். கினுயோவின் பாட்டுக் குழுத் தோழிகள் செவ்வாய்தோறும் வந்தார்கள். முன்பெல்லாம் ஊர் மன்றத்தில் கூடுவார்கள், இப்போது இங்கே வசதியாக இருக்கிறதாம்.

"முன்னறைல கூட்டமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அதைப்பத்திக் கவலைப்படாதீங்க, நீங்க குரங்கைப் பாருங்க."

குரங்கைப் பார்த்துப் பார்த்து அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். தலைவர் கூட்டம் அவரைக் கண்டால்தான் விலகுகிறது. பெண்களைக் கண்டால் துளிப் பயமில்லை. ஒகிமோட்டோ அம்மா துடைப்பத்தோடு வந்தால் கொட்டாவி விடுகிறது. கினுயோ வந்தாலோ மரத்திலிருந்து இறங்கிக் கிட்டேயே வருகிறது.

"உன் தொப்பியும் ஏப்ரனும் குடு" என்றார்.

"எதுக்கு?"

"கிட்ட வரட்டும், சொல்றேன்."

கினுயோ முதல் தடவையாகத் தயங்கினாள். "அதெல்லாம் எதுக்குங்க, ரொம்ப பயந்துரப் போகுது." ஆனாலும் அவர் விடவில்லை. காதுக்கு இருபுறமும் துணி தொங்கும் பூப்போட்ட தொப்பி, பூப்போட்ட ஏப்ரன், அதற்குள் துப்பாக்கி. மீசையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாத்தியில் குனிந்து களை பிடுங்குவதுபோல் உட்கார்ந்தார்.

பிரிவுத் தலைவர் மூங்கில் தோப்பிலிருந்து வந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று, எதையோ எதிர்பார்ப்பதுபோல் ஏப்ரனை உற்றுப் பார்த்தார். பிறகு சலித்துப்போய்த் திரும்பி உட்கார்ந்தார். ஹெய்சுகே ஏப்ரனை விலக்கினார். ஜக்-ஜக். மூன்று குண்டுகளும் பின்புறத்தில், ஒன்றுகூடத் தப்பவில்லை.

தலைவர் போட்ட கூச்சலில் கூட்டம் முழுவதும் மலையேறிவிட்டது. ஹெய்சுகே துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தெருவரை ஓடினார். தெருமுனையில் போலீஸ்காரர் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அதைக் கீழே வைங்க."

"நான் அம்மா இல்லை."

போலீஸ்காரர் கிட்டே வந்து மீசையைப் பார்த்தார். "முகாசா ஐயாவா? மீசை வெச்ச பொம்பள ஒருத்தி துப்பாக்கியோட பதுங்கியிருக்கான்னு தபால்காரர் சொன்னார். நான் தலைமை நிலையத்துக்கே சொல்லலாம்னு இருந்தேன்."

"விளையாட்டுத் துப்பாக்கி. ஸ்பிரிங். குரங்குக்கு."

"அது பார்க்கிறவனுக்குத் தெரியுமா ஐயா? உறைக்குள்ள போட்டுக் கொண்டுபோகணும். வேஷமும் வேணாம்." அவர் சைக்கிள் பெட்டியிலிருந்து ஓர் ஆரஞ்சு நிறச் சட்டையை எடுத்தார். முதுகில் ‘குரங்குக் காவல்’ என்று எழுதியிருந்தது. "இதைப் போட்டுக்குங்க, யாரும் பயப்பட மாட்டாங்க. ரொம்ப நாளா இதுக்கு ஆள் கிடைக்கலை. இனி இந்தத் தெரு முழுக்க உங்க பொறுப்பு."

வேண்டாம் என்று சொல்லலாம்தான். பூப்போட்ட ஏப்ரனோடு நின்றுகொண்டு அவ்வளவு கறாராகப் பேச வரவில்லை.

ஆனால் பலன் கிடைத்தது. அடுத்த நாள் குரங்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஹெய்சுகே துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, மெத்தையைப் போட்டுச் சாய்ந்தார். செவ்வாய்க்கிழமை வந்த பாட்டுக் குழுவினர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள்.

கையில் வேலை இல்லாததால் வீட்டை ஒழுங்குபடுத்தினார். துவைக்கிற இயந்திரம் ஓடும்போதே அரிசி களைந்தால் நேரம் மிச்சமாகும் என்று கினுயோவுக்கு விளக்கினார். குளிர்பெட்டிக் கதவில் காலை முதல் இரவு வரைக்கும் ஓர் அட்டவணை எழுதி ஒட்டினார். அவள் தொலைபேசியில் அக்காவோடு பேசும்போது பின்னால் நின்று, "போன வருஷமில்லை, அதுக்கு முந்தின வருஷம்" என்று திருத்தினார். துண்டை மூன்றாக மடிக்கக் கூடாது, நான்காக மடிக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்.

"மிசோ சூப் இன்னைக்கும் லேட்டு" என்றார்.

கினுயோ சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் எப்போதுமே பொறுமைசாலி. ஆனால் முகம் வாடியிருந்தது. அடிக்கடி பின்ஜன்னலைத் திறந்து மூங்கில் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே வரவே வராதாங்க?"

"தொப்பியைக் கண்டாலே ஓடும். நீ நிம்மதியா இரு."

"நிம்மதியாத்தான் இருக்கேன்" என்று சொல்லி, துண்டை நான்காக மடித்தாள். அன்று வியாழக்கிழமை. பழ வண்டி வரும் நாள். ஹார்ன் சத்தம் கேட்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை குரங்குகள் வந்தன. பிரிவுத் தலைவர் மட்டுமா, பக்கத்து மலையிலிருந்து இன்னொரு பிரிவையும் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். குட்டிகள், குட்டிகளின் அம்மாக்கள், வயதானவர்கள் என்று கொட்டகைக் கூரையில் இடம் போதாமல் தலைவர் துணிக்கொடிக் கம்பத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஆரஞ்சுச் சட்டை வேறு இருந்தது. தெருவில் எந்த வீட்டில் குரங்கு ஏறினாலும் இங்கே தொலைபேசி மணி அடித்தது.

"இதோ, இப்பவே வர்றார்" என்று கினுயோ எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவாள். அவள் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. உறையில் போட்ட துப்பாக்கியைக் கையில் கொடுத்து, தோளுக்கு வலிநிவாரணப் பட்டை ஒட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

இலை உதிர்ந்து, குளிர் இறங்கியது. நவம்பர் மாதச் சூமோ பந்தயம் ஆரம்பிக்க இருந்தது. ஹெய்சுகேயின் வலது தோள் காது உயரத்துக்குமேல் தூக்க வரவில்லை. சட்டைப் பையில், செருப்பில், குளியல் தொட்டியில் எங்கே பார்த்தாலும் குண்டு. ஒரு காலைப்பொழுதில், ஒகிமோட்டோ அம்மா வீட்டிலிருந்து திரும்பி அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். நேரே வீட்டுக்குப் போனார்.

"போதும் கினுயோ. பூசணியும் வேணாம், முள்ளங்கியும் வேணாம். தின்னுட்டுப் போகட்டும். நான் அடியில சூடு வர்ற கணப்பு மேசைக்குள்ள காலை விட்டுட்டு உக்காரப் போறேன். இனி வசந்தம்வரைக்கும் எந்திரிக்கிறதா இல்லை."

கினுயோ கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வசந்தம்வரைக்குமா?"

"வசந்தம்வரைக்கும்."

"ஒகிமோட்டோ அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டீங்களே. ஊர் உங்களை நம்பியிருக்கே. இவ்வளவு நல்லாச் சுடப் பழகிட்டு இப்பப் போய் விட்டா வருத்தமா இருக்காதா?"

"எனக்கு வருத்தமே இல்லை. துப்பாக்கியைப் பழ வண்டிக்கார ஹருமிகிட்ட குடுத்துடப் போறேன். அவ ஆப்பிள் தோட்டத்துக்கு உதவும்."

"ஹருமிகிட்டயா? வேணாங்க, அவகிட்ட நீங்க ஏன்... நான் பேசிக்கிறேன்" என்று கினுயோ பின்னாலேயே வந்தாள். அதற்குள் வாசலில் பாட்டுக் குழுத் தோழிகள் வந்துவிட்டார்கள். அந்த வாரம் அவர்கள் செவ்வாயை வியாழனுக்கு மாற்றியிருந்தார்கள். அவர்களை நிறுத்தி வைத்துவிட்டு ஓட முடியாமல் அவள் அங்கேயே சிக்கிக்கொண்டாள்.

தெருமுனையில் ஹருமி வண்டியின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். குண்டான, வெள்ளந்தியான பெண்பிள்ளை. மனசில் ஒன்றும் வெளியில் ஒன்றும் வைக்கத் தெரியாது.

"இந்தா ஹருமி" என்று ஹெய்சுகே துப்பாக்கியை உறையோடு நீட்டினார். "எடுத்துக்க. நல்லாச் சுடும். குண்டுப் பாக்கெட்டும் தர்றேன்."

"எனக்கெதுக்குண்ணே? எங்க தோட்டத்துக்குக் குரங்கு வந்து மாசக்கணக்காச்சு. எல்லாம் இங்கதானே இருக்கு."

ஹெய்சுகே பெருமூச்சு விட்டார். அந்தக் குளிரில் மூச்சு புகையாகப் போயிற்று. இறக்கி வைத்த ஆப்பிள் பெட்டிகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாருக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுக்கா? நான் ஒரு ஆப்பிளைக்கூடக் கண்ணால பாத்ததில்லையே."

ஹருமி மூன்றாவது பெட்டியை மற்ற இரண்டின்மேல் தூக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிபட்ட பழம்ணே, வீட்டுக்குள்ள வராது, கோடையிலேருந்து வாராவாரம் மூங்கில் தோப்புலதானே ரெண்டு பெட்டி கொட்டிட்டுப் போறேன், 'பனி விழுந்தா இந்த மனுஷன் வீட்டுக்குள்ளயே உக்காந்துருவாரு, மூணு பெட்டியாப் போடு'ன்னு கினுயோ அக்கா இப்பத்தான் போன்ல சொன்னாங்க, நீங்க வீட்டுக்குள்ள உக்கார்றதுக்கும் ஆப்பிளுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"