மோர்ச்சட்டி நாயும் அப்பவே கம்பவுண்டரும்

தர்மபுரிச் சுற்றுவட்டாரத்தில் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். இண்டூர் மருந்தகத்து 'அப்பவே' கம்பவுண்டர். எதையும் பார்த்த அப்பவே எழுதிவிடுவார். காகிதம் கிடைக்காவிட்டால் வேட்டியில் எழுதுவார். ஈரம் பட்டால் ஊதா மையாக மாறும் காப்பிப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதில் நாக்கு எந்நேரமும் ஊதாவாகவே இருக்கும்.

"நாளைக்கு எழுதினா என்னங்க?" என்று கேட்டால், "ஒரு ராத்திரி ஆறப்போட்டா, கண்ணு பார்த்தத வாயி மாத்திப்புடுமுங்க" என்பார். பந்தியில் யார் எத்தனை வடை தின்றார்கள் என்பதுகூட வேட்டியில் ஏறியதால், கல்யாண வீட்டார் அவரைக் கண்டாலே நடுங்குவார்கள்.

நாற்பதுகளின் தொடக்கம். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வியாழக்கிழமை மருந்தக வாசலில் ஒரு நாய் என் காலைக் கடித்துவிட்டது. டாக்டர் வருவது திங்கட்கிழமைதான். வெறிநாய் என்றால் எனக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி; நாய்க்கு உலக்கை அடி.

வெள்ளிக்கிழமை, நாயின் வாயோரம் வெள்ளையாக இருந்தது என்றார்கள். சனிக்கிழமை அது நுரையாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த நாய் ஏரியூர் வரை ஓடி மூன்று ஆடுகளைக் கடித்திருந்தது. இத்தனைக்கும் அது கடித்த நிமிடத்திலிருந்து கம்பவுண்டர் வீட்டு முருங்கை மரத்தில் கட்டிக் கிடந்தது!

திங்கட்கிழமை நானே டாக்டரிடம், "சும்மா நடந்து போனவனைப் பாய்ஞ்சு கடிச்சுதுங்க. நுரை சொட்டுச்சுங்க" என்று சத்தியம் செய்தேன். பொய்யில்லை, கண்ணை மூடினால் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

டாக்டர் ஊசிக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

"இருங்க சார்!" என்று கம்பவுண்டர் ஓடினார். வியாழக்கிழமை வேட்டி வெளுக்கப் போயிருந்தது. சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். எழுத்தெல்லாம் கரைந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர் பட்டால் காப்பிப் பென்சில் அழியாது, இன்னும் பளிச்சென்று ஆகிவிடும்.

"காலை ஒன்பது. நாய் மோர்ச்சட்டியில் வாய் வைத்தது. வாத்தியார் உதைத்தார். கடித்தது. மிச்ச மோரையும் குடித்தது."

உதைத்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் சிரித்துவிட்டார். "நுரையுமில்ல, வெறியுமில்ல. பத்து நாள் முடியற வரைக்கும் பாருங்க. நாய் நல்லா இருந்தா ஊசி வேண்டாம்."

பத்தாம் நாள் நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பவுண்டர் குனிந்து வேட்டியில் எழுதினார்: "நாய் நலம். வாத்தியாரும் நலம்."

எழுதும்போது அவர் கண் கலங்கியது. அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் ஆறப்போட்டு நான் எழுதுகிறேன்; ஒரு சொட்டுக்கூட நான் கூட்டவில்லை.