செல்லமுத்துவின் கண்கள்

செத்துப்போன செல்லமுத்துவின் கண்களைக் கம்சலா காலையில்தான் திறந்து வைத்தாள். போட்டோ லேபிலிருந்து பிரின்ட் வந்தபோது இரண்டும் மூடியிருந்தன.

பதுளை டவுனில் பாலசுப்பிரமணியம் முதலாளியின் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் புதிது, கம்சலாவும் புதிது. மடுல்சீமை பஸ் கண்டக்டர் கணபதிதான் அந்தப் போட்டோவை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தான். பெட்டிக்குள் கிடத்திய பிறகு, பக்கவாட்டில் நின்று யாரோ எடுத்தது.

"உசுரோட இருக்கையில ஒரு போட்டோ புடிக்கலயாம். நாளைக்குக் கருமாதி. கண்ணத் தொறந்து, பெருசா அடிச்சுத் தாங்க. சம்சாரம் சாயந்தரம் வந்து வாங்கிக்கும்."

கண்களுக்குக் கம்சலா எங்கே போவாள்? முதலாளியின் அடையாள அட்டைப் படத்திலிருந்து இரண்டையும் வெட்டி ஒட்டினாள். சேவ் கொடுத்த கையோடு பென் டிரைவை உருவிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். பாவம், மாலை போட்டுக் கும்பிட அந்தப் பெண்ணுக்கு வேறு படமே கிடையாது.

"என் கண்ணத்தானே வச்ச?" என்றார் முதலாளி, பிரின்டைப் பார்த்து.

"ஆமாங்க முதலாளி."

"மூடிட்டானே."

திரையிலோ செல்லமுத்து அகல விழித்துக்கொண்டு படுத்திருந்தார். கம்சலா அந்த முகத்தைப் பார்க்காமலே மறுபடி சேவ் கொடுத்தாள். பார்க்காமலே கையால் துழாவியதில் பென் டிரைவை உருவக் கொஞ்சம் தாமதமானது.

இரண்டாவது பிரின்டில் வலது கண் திறந்திருந்தது. இடது கண் மூடியே இருந்தது.

முதலாளி தன் கண்களைக் கசக்கினார். தன் இடது கண்ணும் மங்குவதாகச் சொல்லிக்கொண்டே சூடம் ஏற்றிக் கம்ப்யூட்டருக்குக் காட்டினார்.

"அந்தாளுக்குப் புடிக்கலம்மா. ஒரு கண்ணு போதும்ங்கிறான்."

சூடப் புகையில் திரையிலிருந்த முகம் அசைவதுபோல் தெரிந்தது. கம்சலா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். லேப்காரர் தனேஸ்வரனுக்குப் போன் போட்டாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எதற்கும் அவசரப்படாதவர்.

"பிள்ளை, சேவ் எண்டு அமத்தின உடன கம்ப்யூட்டர் அதைப் பென் டிரைவில எழுதுறேல்ல. முதல்ல தன்ர நினைவில வச்சுக்கொண்டு, பிறகு ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் எழுதும். அதுக்கு முதல் இழுத்தெடுத்தா, பழைய படம்தான் கிடக்கும். பாதியில எடுத்தா பாதிதான் மாறும். உம்மட படம் சரிஞ்சு கிடக்குது. அதுதான் ஒரு கண் பதிஞ்சிட்டுது, மற்றது பதியேல்லை. லைட் நிண்ட பிறகு எடும்."

அவ்வளவுதானா என்று கம்சலாவுக்கு உயிர் திரும்பியது. பென் டிரைவின் லைட் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பிரின்டில் இரண்டு கண்களும் பளிச்சென்று திறந்திருந்தன. முதலாளி சூடத் தட்டை மேசைக்கடியில் தள்ளிவிட்டார்.

சாயந்தரம் நனைந்த குடையோடு செல்லமுத்துவின் மனைவி வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தவளின் முகம் வாடிப்போனது.

"இது யாருங்க?"

கம்சலா படத்தை எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர்தாம்மா."

அவள் முதலாளியை ஏறிட்டுப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "இந்தா இருக்காரே, இவரு மாதிரில்ல இருக்கு."

அப்போதுதான் மேசையில் கிடந்த இரண்டாவது பிரின்ட் அவள் கண்ணில் பட்டது. அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"அது பழுதாப்போனதும்மா," என்றாள் கம்சலா.

அவள் மூடிய கண்ணை விரலால் மெல்லத் தடவினாள்.

"தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டையில குச்சி குத்தி, எனக்குத் தாலி கட்டுறதுக்கு முந்தியே போன கண்ணுங்க இது. உங்களுக்கு யாரு சொன்னா?"