பூங்கோதை அக்காவின் ராஜினாமா

அஸ்தினாபுரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

மதிப்பிற்குரிய ஆசிரியர் எட்மண்ட் சார் அவர்களுக்கு, தேவானந்தம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தாங்களும் தங்கள் பத்திரிகையும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. நான் சுகமாக இல்லை.

தங்கள் மாத இதழில் ‘மங்கையர் மூலிகை’ எழுதும் பூங்கோதை அக்கா, ரிட்டயர்டு ஹெட்கிளார்க்கான அடியேன்தான் என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். என் மனைவி ரத்தினபாய்க்குக்கூடத் தெரியாது. பெண் பெயர் இருந்தால்தான் பெண்கள் கூச்சமில்லாமல் கேட்பார்கள் என்றவர் தாங்களே. என் மருத்துவப் படிப்பு முழுவதும் வாட்ஸ்அப்பில் முடித்தது.

போன மாதம் தாங்கள் டைப் செய்து அனுப்பிய கேள்விகளில் ஒன்று: ‘அக்கா, பிறப்புறுப்பில் அழற்சி. ஒரே எரிச்சல், அரிப்பு. கணவர் காது கொடுத்துக் கேட்கிறவர் இல்லை. இப்படிக்கு, தாம்பரம் சகோதரி.’ எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கணவனைக் கல்நெஞ்சன் என்று நாலு வரி விளாசிவிட்டு, வேப்பிலை, மஞ்சள், படிகாரம் கொதிக்க வைத்து, ஆறியதும் காலையும் மாலையும் உள்ளே கழுவு தங்கச்சி, டாக்டரெல்லாம் எதற்கு என்று எழுதினேன்.

இதழ் வந்த வாரத்திலிருந்து வீட்டில் ஒரே பேஜார். ஷேவிங் முடித்து நான் தேய்க்கும் படிகாரக் கட்டியைக் காணோம். சாம்பார் வெளுத்து வருகிறது, கேட்டால் ரத்தினபாய் முறைக்கிறாள், நானும் கத்தினேன். பக்கத்து வீட்டுத் துளசிங்கம், தன் வேப்பமரத்தில் எங்கள் பக்கத்துக் கிளை மொட்டையானதைப் பார்த்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று, “இன்னா சார், வூட்ல யாருக்குனா அம்மை போட்டுகீதா? எங்க வூட்ல கொயந்த கீது, நீ வெளிய வராத” என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளால் உட்காரவே முடியவில்லை. ஆட்டோ பிடித்து டாக்டர் சாமுண்டீஸ்வரியிடம் ஓடினோம். பரிசோதித்துவிட்டு அவர் போட்ட சத்தம் வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. “இது இன்ஃபெக்‌ஷன்மா. டெஸ்ட் பண்ணி மாத்திரை குடுத்தா சரியாயிடும். கண்டதையும் ஊத்திப் புண்ணாக்கி வச்சிருக்கீங்களே, எந்த மடையன் சொன்னான்?”

“மடையன் இல்லீங்க டாக்டர், பூங்கோதை அக்கா. என்னை ஆறுதலா விசாரிச்சது அவங்க ஒருத்தங்கதான்.”

வெட்கமாக இருந்தது சார். முப்பத்திநாலு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அவள் பட்ட வேதனை எனக்குத் தெரியவில்லை. நான் விளாசிய அந்தக் கல்நெஞ்சன் அடியேன்தான்.

ஆகவே இன்றோடு பூங்கோதை அக்கா ராஜினாமா. இரங்கல் செய்தி போட்டாலும் சம்மதமே. கூடவே, எரிச்சல் உள்ள சகோதரிகள் எதையும் ஊற்றாமல் டாக்டரிடம் போகவும் என்று கொட்டை எழுத்தில் போடவும். தங்கள் குடும்பத்தார் அனைவரையும் கர்த்தர் காப்பாராக, குறிப்பாகப் பூங்கோதை அக்காவிடமிருந்து.

இப்படிக்கு,
தேவானந்தம்

பின்குறிப்பு: இரங்கல் செய்தியை நிறுத்தி வைக்கவும். மாத்திரையில் ரத்தினபாய்க்கு எரிச்சல் குறைந்துவிட்டது. சற்றுமுன் தபாலில் சேர்க்கச் சொல்லி ஒரு கவர் கொடுத்தாள். பூங்கோதை அக்காவுக்கு. சரியாக ஒட்டவில்லை, படித்துவிட்டேன். ‘அக்கா, உங்கள் மருந்து சரியில்லை, போகட்டும். டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் காபி போட்டுத் தந்து, இப்போ எப்படி இருக்கு என்று தினமும் கேட்கிறார். பயமாக இருக்கிறது. அவருக்கு என்ன வியாதி?’ பதில் எழுத வேண்டும். இரண்டு பக்கம் ஒதுக்கவும்.