வைஃபையில் வந்த ஆவி

இலுப்பூரில் ஒரு போன் பேசுவதற்கு மொட்டை மாடி ஏற வேண்டும். ஆனால் இருளாண்டி சாமியின் தகரக் கொட்டகையில் எமலோகத்து சிக்னலே கிடைத்ததாம்! வெள்ளிக்கிழமைதோறும் வேனிலும் டிராக்டரிலும் கூட்டம்.

செத்தவர் வைத்திருந்த போனைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் தங்கள் போனை அணைத்துவிட வேண்டும். சாமி உடுக்கை அடித்தால், சுவர் டிவியில் செத்தவர் பெயர் வரும். ஆவி வைஃபையில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்று பொருள். போனை ஓமத்தில் போட்டால் விடுதலை. பிளாஸ்டிக் புகையில் பக்தர்கள் இருமினார்கள். அதுவும் அருள்தான்.

சுகுணா தன் மாமியார் மீனம்மாளோடு வந்திருந்தாள். கணவன் வெற்றிசெல்வன் விபத்தில் போய் ஆறு மாதம். அவன் பேசிய பேச்செல்லாம் அவன் போனில் பதிவாகிக் கிடந்தது. மீனம்மாள் அதை யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்திருந்தாள். இன்று நெருப்பில் போடத் துணிந்துவிட்டாள்.

வாசலில் நரைமீசைச் சீடர் போனை வாங்கி, "சுத்தி பண்ணணும்" என்று எதையோ தட்டினார். சுகுணா எட்டிப் பார்த்தாள். வைஃபை பாஸ்வேர்டு. ஒன்று முதல் எட்டு வரை. பரலோகத்துப் பூட்டு அவ்வளவுதான்!

அவளுக்கு வேலை கம்ப்யூட்டர் சென்டரில். புதுப் பிரிண்டரை வைஃபையில் சேர்த்தால், அதன் பெயர் திரையில் வரும். அதற்காக யாரும் பிரிண்டருக்குத் திதி கொடுத்ததில்லை.

உடுக்கை ஒலித்தது. டிவியில் 'வெற்றிசெல்வன்' என்று எழுந்தது. வாங்கிய அன்றே அவன் போனுக்குத் தன் பெயரை வைத்திருந்தான்.

"வந்துட்டியாய்யா!" மீனம்மாள் அலறினாள்.

"தவிக்கிறான் தாயி. நெருப்புல விடுங்க," என்றார் சாமி.

"அத்தை, செத்த இருங்க." சுகுணா தட்டிலிருந்த போனை எடுத்து அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் பெயர் மறைந்தது.

"பாத்தீங்களா, ஆவி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு!" என்றார் சாமி.

"படிச்ச திமிரு," என்றாள் ஒருத்தி. கூட்டம் தலையாட்டியது.

சுகுணா தன் போனை உயிர்ப்பித்தாள். அதற்கு ஒரு பெயர் வைத்தாள். ஒன்று முதல் எட்டு வரை தட்டினாள்.

"இப்ப அடிங்க சாமி."

சாமி அடிக்கவில்லை. அடிக்காமலே டிவியில் வந்தது: 'இருளாண்டி சாமி.'

கூட்டம் டிவியையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்தது.

"சாமி," என்றாள் சுகுணா, "நீங்க எப்பங்க செத்தீங்க?"

"பாடைக்குச் சொல்லிவிடவா?" என்று டிராக்டர்காரர் ஒருவர் கேட்டார். சீடர் வயரைப் பிடுங்கினார். ஆவிகள் அடங்கின. சாமி பின்வாசலைத் தேடினார்.

"அப்ப எம்புள்ள இதுல இல்லியா?" மீனம்மாள் கேட்டாள்.

"இல்லங்கத்தை. பேசுனது மட்டும் இருக்கு." சுகுணா அவன் போனை உயிர்ப்பித்து, ஒரு பதிவைத் தட்டி, மாமியார் காதில் வைத்தாள்.

"சுகுணா, அம்மா சாப்டுச்சா?"

மீனம்மாள் இரு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

போன வாரங்களில் எரிந்த போன்களில் எத்தனை பேர் குரல் இருந்ததோ! கூட்டம் சாமியைத் திட்டிக்கொண்டே கலைந்தது. திட்டட்டும். ஆனால் ஒரு போனைக்கூட சாமி தன் கையால் நெருப்பில் போட்டதில்லை. போட்ட கை யாருடையது என்று வீட்டுக்குப் போயாவது யோசியுங்கள்.