மயில்கழுத்து வெளிச்சம்

"இந்தச் செவப்பைப் பார்த்தாலே பயமா இருக்குதுங்க. அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து நான் எம்ஆர்டி ரயில்லயே கோயிலுக்குப் போயிக்கிறேன்."

கார் நின்று, இன்ஜினும் அணைந்துவிட்டது. கண்மணி மட்டும் சீட் பெல்ட்டை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எந்தச் செவப்பு?" என்றார் மருதப்பன்.

கண்மணி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு டாஷ்போர்டைக் காட்டினாள். "மீட்டரு, கடிகாரம் எல்லாம் செவப்பா எரியுதே, அந்த லைட்டுதான்."

மருதப்பனைப் போன்ற மனிதரைப் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளர். மழை பெய்தால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் யாரையாவது ஏற்றிக்கொள்ளாமல் வீடு திரும்ப மாட்டார். சட்டத்தையும் மீறமாட்டார். விரைவுச்சாலையில் எண்பதுக்கு மேல் ஒரு முள்முனைகூடப் போகமாட்டார். ஆனால் எண்பதுக்குக் கீழேயும் போகமாட்டார். கிடைக்கும் இடைவெளியில் எல்லாம் புகுந்து எண்பதைக் காப்பாற்றிவிடுவார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரே சற்றுப் பின்னால் சாய்ந்துதான் இருப்பார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் இருவரும் சேர்ந்து சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போவது கல்யாணமான நாளிலிருந்து வந்த வழக்கம். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அது என்ன வெள்ளிக்கிழமை?

மறுநாளே விளக்கின் நிறத்தை மாற்றுவது பற்றிக் கேட்க, காக்கி புக்கிட்டில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் சேவியரைப் பார்த்தார்.

"எல்இடி மாத்தணும்னா மீட்டரைப் பிரிக்கணும், முள்ளைக்கூடக் கழட்ட வேண்டி வரும் அண்ணே. வண்டியை விட்டுட்டுப் போங்க, நான் பண்ணித் தரேன்."

"பொண்டாட்டிக்குப் புடவை எடுக்க ஆளா அனுப்புவாங்க? நானே பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லு."

"வேணாம்ணே..."

மருதப்பன் அதற்குள் கிளம்பிவிட்டார்.

எந்த நிறம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கண்மணிக்குப் பிடித்தது மயில்கழுத்து. பீரோவிலிருந்து அவளுடைய பட்டுப்புடவையை ஒரு பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் ஒரு மின்சாதனக் கடைக்குப் போனார். கடையில் ஹம்னா என்ற பெண் இருந்தாள். அவர் புடவையை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"அங்கிள், பிளவுஸ் துணி மேட்ச் பண்ற கடை அந்தப் பக்கம் லா."

"பல்புதாம்மா வேணும். இந்த நிறத்துல."

ஹம்னா சிரிக்கவில்லை. முந்தானையை விளக்கருகே பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இது ஒரு கலர் இல்ல அங்கிள். பச்சையும் நீலமும் கலந்து போடணும். ஆன்ட்டி ரொம்ப லக்கி லா" என்று சொல்லி, ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பொறுக்கிக் கொடுத்தாள்.

அன்று மாலை கார் பார்க்கில் வேலை தொடங்கியது. முதல் முயற்சியில் பாதி விளக்குகள் எரியவில்லை. எல்இடிக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். எரிந்துகொண்டிருந்த பாதி அணைந்து, மற்றப் பாதி எரிந்தது.

மூன்றாம் முறை எல்லாம் எரிந்தன. ஆனால் எரிந்தது பச்சை ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். கண்மணி எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் கிளினிக், அந்தப் பக்கம் மீன் தொட்டி மாதிரி இருக்குங்க."

"மயில் வர்ற வரைக்கும் பொறு."

இரண்டு நிறமும் கலக்க வேண்டுமானால் முகப்புத் தகட்டின் பின்னால் மெல்லிய தாள் ஒன்று ஒட்ட வேண்டும். அதற்கு வேகமானியின் முள்ளைக் கழற்ற வேண்டும். மருதப்பன் பிள்ளையாரைக் கும்பிட்டார். சாப்பாட்டுக் கரண்டி ஒன்றை அடியில் கொடுத்து முள்ளை நெம்பினார். தாளை ஒட்டினார். முள்ளைச் சரியாகப் பூஜ்யத்தில் வைத்து அழுத்தினார்.

விளக்கைப் போட்டதும் அவருக்கே மெய்சிலிர்த்தது. சாட்சாத் மயில்கழுத்து. கண்மணியைக் கூப்பிட்டார். அவள் புடவையையும் வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்காகவா என் பட்டுப்புடவையைத் தூக்கிட்டுப் போனீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "சரி, இந்த வெள்ளிக்கிழமை கார்லயே வரேன்."

அந்த வெள்ளிக்கிழமை அதிசயம் நடந்தது. கண்மணி சீட் பெல்ட்டைப் பிடிக்கவில்லை. பிரேக் போடுவதுபோல் காலைத் தரையில் அழுத்தவில்லை. தலைக்கு வைத்திருந்த மல்லிகையைச் சரிசெய்துகொண்டு வெளியே வேடிக்கை பார்த்தாள். பாதி வழியில் ஏதோ ஒரு பழைய பாட்டைக்கூட முணுமுணுத்தாள். முள் வழக்கம்போல் எண்பதில் நின்றது.

"பார்த்தியா? கலர்தான் மனசு!" என்றார் மருதப்பன்.

பின்னாலிருந்து ஒரு கார் ஹார்ன் அடித்தது. தாண்டிப் போன காரிலிருந்தவர் திரும்பி உற்றுப் பார்த்தார். இன்னொருவர் கையை விரித்துக் காட்டினார்.

"எல்லாரும் நம்ம லைட்டைத்தான் பாக்குறாங்க" என்று மருதப்பன் அடக்கமாகத் தலையசைத்து நன்றி சொன்னார்.

அறுபதுக்கு மேல் போகக் கூடாது என்பதற்காக முதுகில் '60' என்று வட்டம் ஒட்டிய லாரி ஒன்று நிதானமாகத் தாண்டிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த ஊழியர்கள் கை காட்டினார்கள். மருதப்பனும் கை காட்டினார். கண்மணி லாரியைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். பிறகு அவளும் கை காட்டினாள்.

கோயிலுக்குள் நுழையும்போது தீபாராதனை முடிந்திருந்தது.

"கிளம்பும்போது சரியான நேரம், இறங்கும்போது லேட். அப்ப வழியிலதான் கடிகாரம் கன்னாபின்னான்னு ஓடுது" என்றார் மருதப்பன். தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அதுவும் அதே நேரத்தைக் காட்டியது. கார்க் கடிகாரம் புளூடூத் வழியாகத் தொலைபேசியையும் கெடுத்துவிட்டது என்று முடிவுக்கு வந்தார்.

கடிகாரத்தை அடக்கப் பேட்டரியைக் கழற்றி மாட்டினார். அதிலிருந்து வானொலியில் சீன நாடகம் மட்டுமே கேட்டது. கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். அதை நம்பி அடுத்த வெள்ளிக்கிழமை நிதானமாகக் கிளம்பினார். அன்று போய்ச் சேர்ந்தபோது அர்ச்சகர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"போச்சு! வாராவாரம் இப்படியானா நீ மறுபடி எம்ஆர்டிக்கே போயிடுவியே" என்று மருதப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு சொன்னா? சாமி எங்கேயும் போயிடாது. வெளியிலேர்ந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோம். அந்த நாடகத்துல மாமியார் என்ன ஆனாங்கன்னு பாக்கணும்" என்றாள் கண்மணி.

வீடு திரும்பும் வழி முழுவதும், புரியாத மொழியில் மாமியார் அழ, மயில்கழுத்து வெளிச்சத்தில் கண்மணி புன்னகையோடு தூங்கினாள். பிள்ளையார் நேராக உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு நிம்மதியை அவள் முகத்தில் பார்த்து எத்தனை காலமாயிற்று! அதைக் கடிகாரம் கெடுத்துவிடக் கூடாது என்று மருதப்பன் காரைச் சேவியரிடம் கொண்டுபோனார்.

சேவியர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

"கடிகாரத்துக்கு ஒண்ணும் ஆகல அண்ணே. சொல்லக் கூடாதுதான், சொல்லலைன்னா அடுத்து அதையும் பிரிச்சிடுவீங்க. முள்ளுதான். அதை நெம்பிக் கழட்டினீங்களா?"

"ஆமா. ஆனா திரும்பச் சரியாப் பூஜ்யத்துலதானே மாட்டினேன்."

"அதான் தப்பு. இந்த மீட்டர்ல உள்ளே இருக்கிற தண்டு பூஜ்யத்துக்கும் கீழேதான் ஓய்வெடுக்கும். பூஜ்யத்துல மாட்டினா ஓடும்போது கூடுதலாக் காட்டும். நீங்க எண்பதுன்னு நெனச்சதெல்லாம் அறுபதுகூட இல்ல."

மருதப்பன் மெல்லக் காரில் சாய்ந்தார். ஹார்ன் அடித்தவர்கள், உற்றுப் பார்த்தவர்கள், கையை விரித்தவர்கள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். கடைசியில், சீட் பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கண்மணி வந்தாள்.

"அப்ப... அவளுக்குச் செவப்பு லைட்டு பயமில்ல. நான் ஓட்டினதுதான்."

சேவியர் துணியால் கையைத் துடைத்தான்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு பழியை லைட்டு மேல போட்டிருக்கா" என்றார் மருதப்பன். பிள்ளையாரை ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

"முள்ளைச் சரியா மாட்டிடு சேவியர். இனிமே இடைவெளி தேடிப் பாயமாட்டேன், நெசமாவே நிதானமாப் போறேன், அரை மணி முன்னாடியே கிளம்புறேன். ஆனா ஒண்ணு, இந்த விஷயம் உங்க அண்ணிக்குத் தெரிய வேணாம். மயில்கழுத்து லைட்டாலதான் எல்லாம் சரியாச்சுன்னு அவ சந்தோஷமா நெனச்சுக்கிட்டிருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

சேவியர் காரிலிருந்து இறங்கினான்.

"அண்ணி போன வாரமே இங்க வந்துட்டுப் போனாங்க அண்ணே. 'அறுபது ஒட்டின லாரி எங்களைத் தாண்டிப் போகுது, எங்க முள்ளு எண்பது காட்டுது. வண்டி வந்தா நீ சரி பண்ணிடு தம்பி, ஆனா அவர்கிட்ட முள்ளைப் பத்தி மட்டும் சொல்லிடாதே. மயில்கழுத்து லைட்டாலதான் எல்லாம் சரியாச்சுன்னு அவர் சந்தோஷமா நெனச்சுக்கிட்டிருக்கார்'னு சொன்னாங்க."