வேறு நெருப்பு ஏதும் இல்லை

அரசாங்கக் காகிதத்தில் நான் ஒரே ஒரு பொய்தான் எழுதியிருக்கிறேன். அதுவும் பொய் என்று தெரியாமலே எழுதியது. அந்த ஒரு பொய் என் வேட்டியைக் கொளுத்தியது, எனக்குக் கல்யாணமும் செய்து வைத்தது. (இரண்டில் எது பெரிய தீ என்று கேட்காதீர்கள். சம்சாரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.)

என் தொழில் கண்ணாடி ஊதுவது. இதைச் சொன்னால் பாதிப் பேர் "வளையல் கடையா?" என்பார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் என் கன்னத்தைப் பார்ப்பார்கள். திருப்பதியில் ஒரு பட்டறையில், காலேஜ் லேப்களுக்கு வேண்டிய குடுவைகளும் வளைந்த குழாய்களும் செய்கிறோம். கேஸும் ஆக்சிஜனும் கலந்து எரிகிற பர்னரில் கண்ணாடிக் குழாயைக் காட்டித் திருப்பிக்கொண்டே இருந்தால், அது பாகு மாதிரி இளகும். மறுமுனையில் வாய் வைத்து அளவாக ஊதினால் உருண்டு வரும். அளவு மீறி ஊதினால் வெடித்துப் போகும். அப்போதெல்லாம் நான் எல்லாவற்றையும் அளவு மீறித்தான் ஊதிக்கொண்டிருந்தேன், முக்கியமாக என் பெருமையை.

சரளா ஒரு காலேஜில் லேப் டெக்னீஷியன். உடைந்த குடுவை ஒன்றைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். ஒட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த லேபில் மாதத்துக்கு ஒரு குடுவை உடைய ஆரம்பித்தது. (நான் உடைக்கச் சொல்லவில்லை. அவளும் உடைக்கவில்லை என்றுதான் இன்று வரை சாதிக்கிறாள்.)

அவள் அப்பாவுக்கு நகரியில் நாலு பவர்லூம். எங்கள் குடும்பமும் நகரித் தறிக்காரக் குடும்பம்தான். ஜாதகம் பொருந்தியது. மனசு எப்போதோ பொருந்திவிட்டது. பொருந்தாதது என் தொழில் ஒன்றுதான். ஒரு தடவை அவர் ஷெட்டில் ஒயரில் கரண்ட் கசிந்து, தறியில் ஏற்றியிருந்த நூல் மொத்தமும் கண் முன்னால் சாம்பலாகியிருக்கிறது. அன்றிலிருந்து அவருக்குத் தீப்பெட்டியைக் கண்டாலே ஆகாது.

"நாள் பூரா நெருப்புக்கு எதிர்ல குந்திக்கினு இருக்கிறவனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கிறது?" என்று என் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், நேராகவே கேட்டுவிட்டார்.

"ஒரு வாட்டி வந்து அவன் வேலை செய்யறதைப் பாருங்க. பாத்துட்டு வேணான்னா, நாங்க மறு பேச்சு பேச மாட்டோம்," என்றார் நைனா.

அவர் எவ்வளவு பெரிய பந்தயம் கட்டிவிட்டார் என்று அவருக்கே தெரியாது. சித்தூரில் ஒரு மைதானத்தில் கைவினைக் கண்காட்சி வந்தது. திறந்த வெளியில், ஜனங்கள் முன்னால் கண்ணாடி ஊதிக் காட்டச் சொல்லி எங்கள் பட்டறைக்கு ஒரு ஸ்டால் கொடுத்தார்கள். ஊரில் பெண் பார்க்கப் போவார்கள். எங்கள் விஷயத்தில் பெண் வீட்டார் பர்னர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அங்கே சொதப்பினால் சரளா எனக்கில்லை, அவ்வளவுதான்.

நெருப்பு வைக்கிற ஸ்டால் என்பதால் ஃபைர் ஆபீஸ் அனுமதி வேண்டும் என்றது விழாக் கமிட்டி. திருப்பதியிலிருந்து பஸ் ஏறிச் சித்தூர் போனால், ஃபைர் ஆபீசர் மேடம் பாகாலா பக்கம் வைக்கோல் போர் பற்றிக்கொண்டதென்று போயிருந்தார். இரண்டாம் தடவை போனபோது, ஸ்டால் எங்கே, சிலிண்டர் எங்கே, ஜனம் எங்கே நிற்கும் என்று படம் வரைந்து கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் தடவை படத்தோடு போனேன். உள்ளுக்குள் நானே ஒரு பர்னராக எரிந்துகொண்டிருந்தேன்.

அந்த மேடத்துக்குத் தமிழ் நன்றாக வரும். சித்தூர் ஆபீஸ்களில் அது அதிசயமில்லை. கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார். படத்தைப் பார்த்தார்.

"சிலிண்டரை மேசைக்கு அடியில வரைஞ்சிருக்கே?"

"பட்டறையில அங்கதான் மேடம் வைப்போம். கைக்கு எட்டும்."

"நெருப்புக்கும் எட்டும்." பேனாவை எடுத்து அடித்துவிட்டு, பத்தடி தள்ளி ஒரு வட்டம் போட்டார். பிறகு சொல்லிக்கொண்டே போனார். மேலே சாமியானா கூடாது. மேசையைச் சுற்றித் துணி கூடாது. ஜனம் நெருங்காதபடி கயிறு. நாலு வாளி மணல். தீயணைப்பு சிலிண்டர் ஒன்று. நனைத்த கோணிப்பை, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு வேறு வேலை எதுவும் கிடையாது. உடம்பில் பருத்தித் துணி மட்டும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நான் என்ன பட்டாசுக் கடையா போடப் போறேன்? எட்டு வருஷமா நெருப்புல வேலை செய்றேன், ஒரு கொப்புளம் இல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நின்னு நம்முதானு பாபு. ஜனான்னி நம்மனு." உன்னை நம்புகிறேன் அப்பா, ஜனத்தைத்தான் நம்பமாட்டேன் என்று அர்த்தம். (கடைசியில் ஜனம் ஒரு தப்பும் செய்யவில்லை. நம்பக் கூடாத ஆள் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.)

படிவத்தில் கடைசிக் கேள்வி: பர்னர் தவிர ஸ்டாலில் வேறு நெருப்பு உண்டா? மேடம் என் முகத்தைப் பார்த்து அதையே இன்னொரு தடவை வாயாலும் கேட்டார். "லேது மேடம்" என்றேன். 'வேறு நெருப்பு ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கண்காட்சி அன்று காலையில் மேடம் சோதனைக்கு வந்தார். கயிறு இருந்தது. சிலிண்டர் பத்தடி தள்ளி, கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலியில் நின்றது. சிவப்பு வாளி நாலிலும் மணல். நேராக வாளியில் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போனது கை. திரும்பி வரும்போது கையோடு கசங்கிய நியூஸ்பேப்பர் ஒன்றும் வந்தது.

ஆமாம். பாதி வாளி பேப்பர், மேலே மட்டும் மணல். மணல் சுமக்க சோம்பேறித்தனம்.

"இதுல அவசரமா படிக்க வேண்டிய நியூஸ் ஏதாச்சும் இருக்கா பாபு?" என்றார் மேடம். அப்புறம் தெலுங்கில் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. பக்கத்து ஸ்டாலில் பொம்மை விற்றவர் காதைப் பொத்திக்கொண்டார். மைதானத்து மூலையில் கொட்டியிருந்த மணலை நானே சுமந்து வந்து நாலு வாளியையும் விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். மேடம் நாலிலும் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிறகு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த பஜ்ஜிக் கடையைச் சோதிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் அறிவு வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மொட்டை இரும்பு மேசை எனக்கு டிபன் வண்டி மாதிரி தெரிந்தது. சாமியானாக்காரரிடம் கேட்டு, பளபளவென்று மஞ்சள் சாட்டின் துணி ஒன்றை வாங்கிச் சுற்றிக் கட்டினேன். போட்டிருந்த காட்டன் பேண்ட்டும் எனக்கு மாப்பிள்ளைக் களை தரவில்லை. பேண்ட்டுக்கு மேலேயே ஒரு பாலியஸ்டர் வேட்டியைக் கட்டிக்கொண்டேன். நகரியில் பிறந்து, பருத்தி நூலுக்கு நடுவில் வளர்ந்தவன், மாமனார் பார்க்கிறார் என்று பாலியஸ்டர் கட்டினேன். என் நைனாவே அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரளாவின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பின்னால் சரளா. அவள் அப்பா மணல் வாளிகளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தூரத்தில் இருந்த சிலிண்டரைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார். ஐயோ, அங்கேயே நிறுத்தியிருக்கக் கூடாதா!

எங்கள் பட்டறையில் முக்கியமான வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் திருஷ்டி சுற்றுவது வழக்கம். பூசணிக்காயின் மேல் ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி, உச்சியில் கற்பூரம் ஏற்றி, மேசையை மூன்று சுற்று சுற்றி உடைப்போம். பக்தியையும் காட்டினால் பாஸ் மார்க் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன். மூட்டையிலிருந்து பூசணிக்காயை எடுத்தேன். கற்பூரத்தில் ஒன்றுக்கு மூன்று கட்டியாக அடுக்கிப் பற்ற வைத்தேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், வேறு நெருப்பு இல்லை என்று எழுதினாயே என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் கற்பூரம் நெருப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது சாமி. சாமியை யாராவது ஃபைர் ஆபீஸ் படிவத்தில் எழுதுவார்களா?

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் சித்தூர்க் காற்று ஒன்று வீசியது. ஒரு கட்டி சாட்டின் மேல் விழுந்தது, இன்னொன்று என் வேட்டி மேல் விழுந்தது. சாட்டின் குப்பென்று எழுந்தது. நான் என்ன செய்தேன்? பூசணிக்காயைக் கீழே போட்டால் சகுனம் சரியில்லை என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நனைந்த கோணி பிடிக்க வேண்டியவர் பட்டறை ரமேஷ் அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பொறுப்பானவர். கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் செல்போனில் என்னைப் பொறுப்பாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைத் தாண்டி வந்தது சரளாதான்.

"வேட்டியை அவுருடா!"

"எல்லாரும் பாக்கறாங்க..."

"பாத்தா பாக்கட்டும், அவுரு!"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரே இழுப்பில் உருவிக் கீழே எறிந்துவிட்டாள். வருங்கால மாமனார், மாமியார், என் நைனா, பொம்மைக் கடைக்காரர், சித்தூர் ஜனம் அத்தனை பேருக்கும் முன்னால். உள்ளே காட்டன் பேண்ட் இருந்ததால் என் மானமும் பிழைத்தது, காலும் பிழைத்தது. ரமேஷ் அண்ணன் தோளிலிருந்து கோணியைப் பிடுங்கி வேட்டியின் மேல் போட்டு மிதித்தாள். ஒரு வாளி மணலைத் தூக்கிச் சாட்டின் மேல் கொட்டினாள். இரண்டாவது வாளியையும் கொட்டினாள். மூன்றாவதில் பாதி என் தலையில் விழுந்தது. (அது கை தவறி விழுந்தது என்று அவளும், வேண்டுமென்றே கொட்டியது என்று நானும் இன்னும் வழக்காடுகிறோம்.)

அணைந்துவிட்டது. மொத்தமும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. மேசைக்கு அடியில் சாம்பலும் மணலும் கிடந்தன. நான் சிலிண்டர் வரைந்திருந்த இடம் அதுதான்.  மேடம் அந்த வட்டத்தைப் போடாமல் இருந்திருந்தால் சிலிண்டர் அங்கேதான் இருந்திருக்கும், பக்கத்தில் சரளாவும் பெரியவர்களும் நின்றிருந்தார்கள். 

மேடம் ஓடி வந்தார். அணைந்த இடத்தைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தார். "இதேன்டி?" இது என்ன?

"திருஷ்டி, மேடம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கமிட்டிக்காரரிடமிருந்து மைக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார். "என்னென்ன தப்பு பண்ணினேன்னு நீயே சொல்லு. மத்த ஸ்டால்காரங்களும் கேட்டுக்கட்டும். அப்புறம்தான் பர்னரைத் தொடணும்."

தலையில் மணலோடு, தெலுங்கில் பாதி தமிழில் பாதியாகச் சொன்னேன். துணி கட்டியதைச் சொன்னேன். பாலியஸ்டரைச் சொன்னேன். யாரும் கேட்காமலே வாளிக்குள் பேப்பர் வைத்ததையும் சொன்னேன். படிவத்தில் கற்பூரத்தை எழுதாததைச் சொன்னபோது மைதானமே சிரித்தது. "இந்த மேடம் சொன்ன ஒவ்வொண்ணையும் கிண்டல் பண்ணினேன். அது ஒவ்வொண்ணும்தான் இன்னிக்கு என்னைக் காப்பாத்திச்சு" என்று முடித்தேன்.  சரளா பக்கம் திரும்பவே துணிவில்லை.

பிறகு மொட்டை மேசையில், காட்டன் பேண்ட்டில், பர்னரைப் பற்ற வைத்தேன். வாளிகளை ரமேஷ் அண்ணன் திரும்பவும் நிரப்பியிருந்தார். செல்போனை மேடம் வாங்கி வைத்துக்கொண்டார். அளவு மீறி ஊதியதில் முதல் குழாய் வெடித்துப் போனது. இரண்டாவதில் கோழி முட்டை அளவுக்கு ஓர் உருண்டை வந்தது. சாதாரணமாக நான் குப்பையில் போடுகிற தரம். ஜனம் கை தட்டியது.

சரளாவின் அப்பா நேராக என் நைனாவிடம் போனார். கதை முடிந்தது என்று பர்னரை மூடிவிட்டு, மேசை ஓரத்தில் வைத்திருந்த பூசணிக்காயைத் திரும்பவும் எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

"எங்க தெருவுல தப்பு பண்ணவன் வீட்டுக்குள்ளகூட ஒத்துக்க மாட்டான்," என்றார். "உங்க பையன் மைக்ல ஒத்துக்கினான். பத்திக்கினா அணைக்கறதுக்கு என் பொண்ணு இருக்கா. நாள் பாருங்க."

பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் பூசணிக்காயைக் கீழ வெய்யுங்க மாப்ளே" என்றார்.

கல்யாணத்துக்கு மேடத்தை நேரில் போய் அழைத்தோம். வந்தார். அட்சதை போடுவதற்கு முன்னால் ஹோம குண்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்திலேயே சிவப்பு வாளி இருந்தது, மாமனார் ஏற்பாடு. மேடம் அதில் முழங்கை வரைக்கும் கை விட்டுப் பார்த்துவிட்டு எங்களை ஆசீர்வாதம் பண்ணினார். அன்று அவர் காலில் விழுந்ததுபோல நான் எந்தக் கோயிலிலும் மனசாரக் கும்பிட்டதில்லை.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றினால் யாராவது ஒருவர் "வேட்டி பத்திரம்!" என்பார்கள். மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். நான் இன்னும் வருஷா வருஷம் ஏதாவது ஒரு மைதானத்துக்காக அதே படிவத்தை நிரப்புகிறேன். போன மாதம் புதிதாக வந்த ஆபீசர் கடைசிக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தி, இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுதியிருந்தது இதுதான்:

வேறு நெருப்பு: கற்பூரம், ஒரு கட்டி. அணைக்கப் பொறுப்பு: என் சம்சாரம்.