கட்டைவிரலும் என் கல்யாணமும்

அடுத்தவர் வாய்க்குள் கட்டைவிரலை வைத்துக்கொண்டே அரசியல், சினிமா, மாமியார் சண்டை அத்தனைக்கும் தீர்ப்பு சொல்லக்கூடிய ஒரே மனிதர் செங்கல்பட்டில் 'கட்டவிரல்'தான். தாடை மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். கையுறை மாட்டி, கடைவாய்ப் பல்மேல் விரலை வைத்து அழுத்தி மூட்டைத் தளர்த்துவார். அப்போதுதான் கேள்வியும் கேட்பார். நாம் "ஆ… ஆ" என்றால், அவர் கட்சியில் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம்.

நான் அவரிடம் மாட்டியது என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு. சிறுசேரி ஆபீஸ் டென்ஷனில் பல்லைக் கடித்துக் கடித்து தாடை பூட்டிக்கொண்டது. வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. கல்யாணத்தை நடத்திவைக்கும் எங்கள் சர்ச் ஆயரோ கறார் பேர்வழி. "தலையாட்டினா செல்லாது தம்பி. சம்மதிக்கிறேன்னு கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். எஸ்தரை மூன்று வருடம் காதலித்து, இரண்டு வீட்டையும் மசியவைத்து, கடைசியில் ஒரு மூட்டால் கோட்டை விடுவேனோ என்று எனக்குப் பயம்.

"மூணு வெரலு ஒண்ணா நொழையணும். அதுவரிக்கும் நீ மாப்ளயே கெடயாது" என்றார் கட்டவிரல். கொட்டாவிக்கும் கறிக்கும் தடை. பெண் வீட்டு விருந்துக்குக் கூடவே வந்து, என் இலையிலிருந்த கறியை எல்லாம் எனக்காக அவரே மென்றார்.

ஒருநாள் மகாபலிபுரம் பக்கத்துப் புலிக்குகைக்கு இழுத்துப்போய், வாய் பிளந்து நிற்கும் கல் யாளிகளைக் காட்டினார்.

"பாரு, இன்னாமா தொறந்துகினு கீது! ஒன் தாட மாரி எங்கனா டக்குனு சத்தம் வருதா?"

எம்பி யாளியின் வாயில் மூன்று விரலை வைத்து அளந்தார். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணாத்த, ஊதறப்ப ஒனக்கு தாட லெப்ட்ல கோணுது. நாளிக்கு வா."

மறுநாள் கிளினிக்கில் எனக்கு முன்னால் அந்த வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்தன்று காலையில் மூன்று விரலும் நுழைந்தன. ஆனால் ஆயர் கேள்வி கேட்டதும் பயத்தில் பல்லைக் கடித்துத் தொலைத்தேன். தாடை மறுபடியும் பூட்டிக்கொண்டது. மாமனார் முகம் கறுத்தது. எஸ்தர் கண்ணில் தண்ணீர்.

மூன்றாவது பெஞ்சில் கையுறை மாட்டும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் நவுருங்கய்யா!" என்று ஆயரை ஒதுக்கிவிட்டு, என் வாய்க்குள் விரலை விட்டார் கட்டவிரல். "பயப்படாத நைனா. மூச்ச வுடு… அவ்ளோதான். இப்ப சொல்லு."

விரலை எடுத்தார். "சம்மதிக்கிறேன்!" என்று நான் போட்ட சத்தம் ரயில்வே ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும்.

ஆல்பம் தயாரித்த போட்டோக்காரர், "நடுவுல கைய வுட்டுகினு நிக்கிறவர அழிச்சிடவா சார்?" என்று கேட்டார். எஸ்தர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். என் வாயில் விரலை வைத்துக்கொண்டு கட்டவிரல் அழுதுகொண்டிருந்தார்.

"வேணாங்க. இத நல்லா பெருசா போட்டுக் குடுங்க, ஹால்ல மாட்டணும்" என்றாள்.